ஒன்பதாவது படிக்கும் பையனின் ஜாமெட்ரி பாக்ஸில் கூல் லிப். என்ன செய்வது?

திருப்பூர் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அவர் டெய்லர், நான் செக்கிங். ஆர்டர் அவசரம் என்றால் இரண்டு பேருக்குமே ஒன்றரை ஷிப்ட், வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது ஆகிவிடும். ஒரே பையன், அரசுப் பள்ளியில் ஒன்பதாவது. நன்றாகப் படிக்கிற பையன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வம்புக்குப் போகாதவன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கேல் தேடி அவன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். காம்பஸுக்கு அடியில் சின்னச் சின்னதாக வெள்ளைப் பொட்டலம், டீ பேக்கை நகம் அளவுக்குச் செய்த மாதிரி. முகர்ந்தால் புதினா வாசம். வாய் மணக்கப் போடுகிற ஏதோ மிட்டாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, “அத்தை, இது கூல் லிப், உள்ளே புகையிலை இருக்கும், எங்க கிளாஸ் பசங்களும் வெச்சிருப்பாங்க” என்றாள். அவள் எட்டாவதுதான் படிக்கிறாள்!

அவனிடம் இன்னும் கேட்கவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பெல்ட்டை எடுத்துவிடுவார். என் அண்ணனிடம் சொன்னதற்கு, “நாலு சாத்து சாத்து, அப்பவும் அடங்கலைன்னா ஏதாவது பவர் டேபிள்ல கைமடியா சேத்து விட்டுரு, நாலு காசாவது வரும்” என்கிறார். (பவர் டேபிள் என்பது பனியன் தைக்கிற மெஷின், கைமடி என்றால் அதில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற எடுபிடி.) பள்ளியில் ஏற்கெனவே இரண்டு பையன்களுக்கு இதற்காக டி.சி. கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன், அதனால் டீச்சரிடம் போகவும் பயம்.

எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? இது விடுகிற பழக்கமா, இல்லை இதிலிருந்து கஞ்சா அது இது என்று போய்விடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பி.டி. வாத்தியார்:

அம்மா, நான் திண்டுக்கல் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். நீங்கள் சொல்வது எங்கள் பள்ளியிலும் நடக்கிறது. பீடி, சிகரெட் என்றால் வாசனை காட்டிக் கொடுத்துவிடும். ஹான்ஸ் புகையிலை போட்டால் துப்ப வேண்டும். இதில் புகையும் இல்லை, துப்பவும் தேவையில்லை. கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கணக்குப் பாடம் முழுக்க உட்கார்ந்திருப்பான். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது “உள்ளேன் ஐயா” சொல்லாமல் கையை மட்டும் தூக்குகிற பையனைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம் வந்துவிடுகிறது. ஜன்னல் கம்பி இடுக்கில், பெஞ்சுக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்துபோன பொட்டலங்கள் ஒட்டிக் கிடக்கும்.

ரவுடிப் பையன்தான் இதைப் போடுவான் என்று நினைக்காதீர்கள். ஒருவன் டப்பா வாங்கினால் கூட இருக்கிற நாலு பேருக்கும் பங்கு. வேண்டாம் என்றால் “என்னடா பயந்தாங்கொள்ளி” என்று ஒரு சொல். அதற்காகவே வாயில் வைத்துக்கொள்கிற பையன்கள்தான் பாதிப் பேர்.

டி.சி. விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கும் எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கும் பல வருஷமாக வாக்குவாதம். “ஒரு அழுகின பழத்தை வெச்சிருந்தா கூடையே போயிரும்” என்பார்கள். டி.சி. வாங்கின பையன் எங்கே போகிறான் என்று யாராவது பார்த்தார்களா? நான் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாளில் கேட்டரிங், லோடு வண்டி, பெயின்ட் வேலை என்று பெரிய ஆட்களோடு சேர்ந்துவிடுகிறான். கையில் காசு, கூட இருப்பவன் எல்லாம் இருபத்தைந்து முப்பது வயது ஆட்கள். கூல் லிப்போடு போனவன் சாராயம், கஞ்சா என்று அங்கேதான் கற்றுக்கொள்கிறான். நாளை தெருவில் ஒரு அடிதடி என்றால் முதலில் கூப்பிடுவதும் இவனைத்தான். உங்கள் அண்ணன் சொல்கிற கைமடி வேலையும் இதே வழிதான் அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எட்டாம் வகுப்பு வரைக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி பையனை வெளியே அனுப்ப முடியாது. ஒன்பதாவதில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் பள்ளி பிடிப்பதற்கு முன்னால் நீங்களும் வீட்டுக்காரரும் நேரே ஹெச்.எம்.மைப் பாருங்கள். “நாங்களே கண்டுபிடிச்சோம், சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போறோம், படிப்பை மட்டும் நிறுத்திராதீங்க” என்று சொல்லுங்கள். தானாக வந்து நிற்கிற பெற்றோரைப் பார்த்தால் பெரும்பாலான ஹெச்.எம். இறங்கி வருவார்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். மாலை நாலரைக்கு பெல் அடித்தால் நீங்கள் வருகிற ஒன்பது மணி வரைக்கும் அவன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான்? எங்கள் பள்ளியில் வாலிபால் நெட் கட்டி ஆறேகால் வரை ஆட விடுகிறேன். அந்தப் பையன்கள் எல்லோரும் ஒழுங்கு என்று சொல்லவில்லை. ஆனால் எவன் முகம் வாடியிருக்கிறது, எவன் புதுசாக யார் பைக்கில் ஏறிப் போகிறான் என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு வந்தால் பி.டி. பீரியடையும் கணக்குக்குப் பிடுங்கிக்கொள்கிற பள்ளிகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

கொங்கு மைந்தன்:

அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். எங்கள் காலத்தில் வாத்தியார் கண்ணை மட்டும் விட்டுவிட்டு தோலை உரிப்பார், நாங்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. இப்போது வாத்தியார் தொட்டால் கேஸ், அப்பா தொட்டால் பாவம் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது. ஒரு தடவை பலமாகப் பயம் காட்டினால் திரும்பத் தொடமாட்டான். போலீஸ்காரரை வகுப்புக்கே வரச் சொல்லுங்கள், வாய்ப் புற்றுநோய்ப் படங்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதுதான் வழி.

மதுரை கவுன்சலர்:

அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் நீங்கள் சொன்ன வழியைத்தான் உலகம் அதிகமாகப் பரிசோதித்துப் பார்த்து, பலன் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1983-ல் லாஸ் ஏஞ்சலிஸில் டேர் என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். சீருடை போட்ட போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து போதையைப் பற்றிப் பாடம் எடுப்பார். நாடு முழுக்கப் பரவியது, கோடிக்கணக்கில் செலவு. பிறகு ஆய்வு மேல் ஆய்வாகச் செய்து பார்த்தபோது, அந்தப் பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்கிற வித்தியாசமே இல்லை. ஐ.நா.வின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகம் 2013-ல் தடுப்புக்கான சர்வதேச வழிமுறைகளை வெளியிட்டது, உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 2018-ல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்தது. பயமுறுத்திப் பேசுவது, ஒரு நாள் சொற்பொழிவு, பழைய அடிமைகளைக் கூட்டிவந்து கதை சொல்ல வைப்பது, இதெல்லாம் பலன் தராத வரிசையில்தான் இருக்கிறது. நாமோ ஒவ்வொரு ஜூன் 26-க்கும், அதாவது போதைப்பொருள் எதிர்ப்பு நாளுக்கும், இதையேதான் செய்கிறோம், பேரணி, உறுதிமொழி, போட்டோ, முடிந்தது.

பதினான்கு வயதுப் பையனுக்கு நாற்பது வயதில் வருகிற புற்றுநோய் ஒரு பொருட்டே இல்லை. நாளைக்குக் காலையில் நண்பன் கேலி செய்வானா என்பதுதான் அவனுக்குப் பெரிய விஷயம். அங்கே எப்படி வாய் திறப்பது என்பதைப் பழக்கிக் கொடுத்தால் வேலை செய்கிறது. “என்னடா பயந்தாங்கொள்ளி” என்று கேட்டால் என்ன சொல்லிவிட்டு நகர்வாய் என்று நடித்தே பார்க்கச் சொல்வோம். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் அவர்களே நல்ல நல்ல பதில் கண்டுபிடிப்பார்கள்.

அக்கா, உங்களுக்கு வருகிறேன். இன்றைக்கே எதிரில் உட்கார வைத்துப் பொட்டலத்தைக் காட்டி விசாரிக்காதீர்கள். பூண்டு உரிக்கிறபோதோ துணி மடிக்கிறபோதோ பக்கத்தில் உட்கார வைத்து, முகத்தைப் பார்க்காமல் பேசுங்கள். பையன்களுக்கு அதுதான் சுலபம். “ஏன்டா செஞ்சே” என்று ஆரம்பித்தால் பொய்தான் வரும். “உன் பாக்ஸ்ல பாத்தேன். அடிக்க மாட்டேன். எப்ப இருந்து? எந்த நேரத்துல ரொம்பத் தோணுது?” என்று கேளுங்கள். சாப்பிட்டதும் தோணுகிறதா, தனியாக வீட்டில் இருக்கும்போதா, நண்பனைப் பார்த்ததுமா, இந்தப் பதிலில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

விடக்கூடிய பழக்கம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். நிகோடின் என்பதால் நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாள் கடுமையாக இருக்கும். எரிந்து விழுவான், தூக்கம் வராது, புத்தகத்தில் மனசு நிற்காது. திமிர் என்று நினைத்து அந்த நேரத்தில் கை ஓங்கிவிடாதீர்கள். இரண்டு வாரம், நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். மெடிக்கல் ஷாப்பில் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது என்று நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், இந்த வயதுக்கு டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், போய்ப் பாருங்கள். கலங்கரை என்ற பெயரில் 2025 முதல் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களும் திறந்திருக்கிறார்கள். போனில் பேச மனநல உதவி எண் 14416, போதைப் பழக்கத்துக்கென்றே 14446, இரண்டும் இலவசம். போஸ்டர் ஒட்டியிருக்கிறது என்று ஏதோ ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவு இல்லாமல் பூட்டி வைத்து அடிக்கிற இடங்கள் நம் ஊரில் உண்டு.

கஞ்சாவுக்குப் போகுமா என்று கேட்டீர்கள். எல்லோரும் போவதில்லை. ஆனால் சின்ன வயதிலேயே நிகோடின் பழகியவனுக்கு அடுத்ததைக் கொண்டுவந்து நீட்டுகிற ஆள் சுலபமாகக் கிடைக்கிறான், பெரும்பாலும் அதே ஆள்தான்.

ஓசூர் அப்பா:

பையனைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், கடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே! நான் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் எதுவும் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழ் உள்ளவனுக்கு எங்கேயுமே விற்கக் கூடாது. இது 2003-ஆம் வருஷ மத்தியச் சட்டம். அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று இருக்கிறது, கடைக்காரர்கள் பலருக்கே தெரியாது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77: குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலைப் பொருளோ கொடுத்தால் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். பிரிவு 78, பிள்ளைகளை வைத்து விற்றாலோ கடத்தினாலோ அதே தண்டனை. உங்கள் பையன் பாக்ஸில் அது இருந்ததில் குற்றவாளி உங்கள் பையன் இல்லை அம்மா, அவனுக்கு விற்றவன்தான். இதை மனசில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்.

தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா வகையறாவுக்கு 2013 முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை, வருஷா வருஷம் நீட்டிக்கிறார்கள். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது. அடுத்த வருஷம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூல் லிப்பைக் குறிப்பிட்டே, பள்ளிப் பிள்ளைகள் இதற்கு அடிமையாகிறார்கள், இதை ஏன் நாடு முழுக்கத் தடை செய்யக் கூடாது என்று கேட்டது. சரியான கேள்வி. எங்கள் ஊரிலிருந்து அத்திப்பள்ளி எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் கர்நாடகா. அங்கே கடையில் தொங்குவதை இங்கே கொண்டுவந்து பல மடங்கு விலைக்கு ஒளித்து விற்கிறார்கள். தடை இருப்பதால் லாபம் அதிகம், லாபம் அதிகம் என்பதால் பெட்டிக்கடைக்காரர் பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் வைத்துத் தெரிந்த பையனுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கிறார்.

நாங்கள் தனி ஆளாக யாரும் போய்ச் சண்டை போடவில்லை. குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, ஹெச்.எம். கையெழுத்தோடு உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரே நாளில் கொடுத்தோம். கடைக்குப் பூட்டு விழுந்தது. அப்புறம் கொஞ்ச நாளில் இன்னொரு கடையில் ஆரம்பித்தார்கள், திரும்பவும் எழுதினோம். ஓய்ந்து உட்கார்ந்தால் வேலைக்கு ஆகாது. பேர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் போதைப்பொருள் புகாருக்கான 10581-க்குக் கூப்பிடலாம்.

பல் டாக்டர்:

சுருக்கமாக ஒன்று. பையனின் கீழுதட்டை மெதுவாக மடக்கிப் பாருங்கள். பொட்டலம் வைக்கிற இடத்தில் தோல் சுருங்கி வெள்ளையாகத் தெரியலாம், ஈறு கீழே இறங்கியிருக்கலாம். பதற வேண்டாம், ஆரம்ப நிலையில் நிறுத்திவிட்டால் அந்த வெள்ளைத் திட்டு பெரும்பாலும் மறைந்துவிடும். நிறுத்தியும் சில வாரத்தில் போகவில்லை என்றால் கட்டாயம் காட்டுங்கள். மாவா (பாக்கும் புகையிலையும் கலந்தது), பாக்கு வகையும் சேர்த்துப் போடுகிறானா என்று கேளுங்கள். பாக்கு போட்டால் வாய் திறப்பதே குறைந்துகொண்டு வரும், மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். அந்த இறுக்கம் வந்தால் முழுசாகப் பழைய நிலைக்கு வராது.

ரெய்க்யவிக் தமிழன்:

நான் வேலைக்காக ஐஸ்லாந்தில் இருக்கிறேன். பி.டி. சார் சொன்ன மாலை நேர விஷயத்தை ஒரு நாடே சேர்ந்து செய்தது இங்கேதான். 1998-ல் இங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் ‘போன மாசம் குடித்து போதையானோம்’ என்று சொன்னார்கள். 2016-ல் அது 5 சதவீதம். தினமும் சிகரெட் பிடித்தவர்கள் 23-லிருந்து 3 சதவீதமாகக் குறைந்தார்கள். எப்படி என்றால், பள்ளிக்குப் பிறகு விளையாட்டு, பாட்டு, நடனம் என்று கிளப்புகளுக்கு அரசு பணம் கொட்டியது. ரெய்க்யவிக்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கென்று வருஷா வருஷம் ஒரு தொகை கொடுக்கிறார்கள், வீட்டில் காசில்லை என்று எந்தப் பிள்ளையும் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. குளிர்காலத்தில் 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் ராத்திரி பத்துக்கு மேல் பெரியவர் துணை இல்லாமல் வெளியே இருக்கக் கூடாது. பெற்றோர் தெருவில் சேர்ந்து ரோந்து நடப்பார்கள்.

மொத்தமே நாலு லட்சம் பேர் உள்ள பணக்கார நாடு, அப்படியே நம் ஊருக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆனால் அப்பா அம்மா இரண்டு பேருமே ஒன்பது மணி வரை கம்பெனியில் நிற்கிற ஊரில் “பிள்ளையோடு நேரம் செலவிடுங்கள்” என்று பெற்றோருக்கு மட்டும் புத்தி சொல்வது அநியாயம். இல்லம் தேடிக் கல்வி 2021-ல் வந்தபோது ஒன்று முதல் எட்டாவது வரை பிள்ளைகளுக்கு மாலையில் போக ஓர் இடமாவது கிடைத்தது. ஒன்பதாவது பையனுக்கு அப்போதும் ஒன்றும் இல்லை. அவனுக்குத்தான் அதிகம் தேவை.

திருப்பூர் அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கவுன்சலர் தம்பி சொன்ன மாதிரியே வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன். முதலில் பேசவே இல்லை. அப்புறம் அழுதான். காலாண்டு லீவிலிருந்து போடுகிறானாம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில்தான் அதிகம் தோணுமாம். வாங்கிக் கொடுப்பது அடுத்த தெருவில் பனியன் வேஸ்ட் குடோனில் வேலை பார்க்கிற ஒரு பையன், பதினெட்டு பத்தொன்பது வயசு இருக்கும். அவன் இப்போது ஏதோ வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறானாம், “ஒரு தடவை பாரு” என்று இவனையும் கூப்பிட்டிருக்கிறான். கேட்டதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். கத்தினார், ஆனால் கை வைக்கவில்லை. நாளை ஹெச்.எம்.மைப் பார்க்கப் போகிறோம். வாரத்தில் பாதி நாள் நான் ஒரு ஷிப்ட்டோடு வந்துவிடுவது என்று பேசியிருக்கிறோம், கூலி குறையும், பார்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டமாம். அதில் அந்தக் குடோன் பையன் விஷயத்தைச் சொல்லலாமா?

மதுரை கவுன்சலர்:

அக்கா, உங்கள் பையன் இதை உங்களிடம் சொன்னதே பெரிய விஷயம். ‘சொன்னதால்தான் பிரச்சினை வந்தது’ என்று அவனுக்குத் தோன்றிவிடக் கூடாது.

அந்த மாத்திரை பெரும்பாலும் டபென்டடால் வகையாக இருக்கும். கடுமையான வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் விற்க வேண்டிய மருந்து. வாயில் போடுகிற மாத்திரையை ரத்தத்தில் ஏற்றினால் அதில் உள்ள மாவுப்பொருள் கரையாமல் போய் நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கும், கை அழுகும், மூச்சு நின்று ஒரே ஊசியில் இறந்தவர்களும் உண்டு. ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிப் போட்டால் ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை. உங்கள் பையனிடம் இதை மிரட்டலாகச் சொல்லாமல், தகவலாக ஒரு தடவை சொல்லிவிடுங்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் பயந்து ஓடாமல் 108-க்குக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் அந்தப் பையன் பேரைச் சொல்லாதீர்கள். இரண்டு நாளில் தெருவெல்லாம் பரவி, உங்கள் பையன்தான் சொன்னான் என்று தெரிந்தால் அடிதடியில் போய் நிற்கும். மாத்திரை எங்கிருந்து வருகிறது என்பதை 10581-க்குச் சொல்லுங்கள். அந்தப் பையனுக்கு வீட்டில் யாராவது இருந்தால், தனியாகக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அவனும் ஒரு அம்மா பெற்ற பிள்ளைதான்.

பி.டி. வாத்தியார்:

கூட்டத்தில் கடையைப் பற்றிச் சொல்லுங்கள், ஓசூர் சார் சொன்ன மாதிரி தீர்மானமாக எழுத வையுங்கள். கூடவே இன்னொரு தீர்மானமும் கேளுங்கள்: மாலை ஆறரை வரை மைதானத்தைத் திறந்து வைக்க வேண்டும், ஒரு ஆசிரியரோ பெற்றோரோ முறை போட்டு அங்கே இருக்க வேண்டும். வாட்ச்மேன் இல்லை, பொறுப்பு யார் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள், அதற்கு முன்னாலேயே நாலு அப்பாக்களிடம் பேசிப் பேரை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நெட்டும் பந்தும் வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், எங்கள் பள்ளியில் பழைய செட் ஒன்று இருக்கிறது, ஹெச்.எம்.மிடம் கேட்டு அனுப்பி வைக்கிறேன்.